நிலவேம்பு தித்திக்கும்

"என்னை ஏன்மா கீழ அனுப்புதீங்க?" என்று கேட்டாள் முப்பிடாதி.

மலைமேல் வைத்தியம் படித்தவர்களில் பாடத்தை டேப்லெட்டில் தட்டி வைத்துக்கொள்ளாதவள் அவள் ஒருத்திதான். முதலில் கொஞ்ச நாள் தட்டிப் பார்த்தாள். விரலுக்கு எல்லாம் தெரிந்தது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தூக்கி மூலையில் வைத்துவிட்டாள்.

குரு கோமதியம்மை சுக்கு இடிப்பதை நிறுத்தவில்லை. "நான் சொன்னது எல்லார் கையிலயும் இருக்கு. உன் கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் காது நல்லா கேக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். முந்திச் சிரித்தவன் பொன்னுத்துரை. குரு தும்மினால் அந்தத் தும்மலையும் எழுத்துப் பிசகாமல் தட்டிவிடுகிற ஆள்.

குரு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மறுநாள் பாடத்தை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தால் இருக்கலாம். விட்டால் மலையிறங்க வேண்டும். முப்பிடாதியோ டவுன் வேலையை உதறிவிட்டு, வைத்தியச்சி ஆகாமல் திரும்ப மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவள். சரி என்றாள்.

மறுநாள் காய்ச்சலைப் பற்றிய பாடம். குரு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். விரல்கள் ஓட்டில் மழை விழுகிற மாதிரி தட்டின.

முப்பிடாதி எழுந்தாள். குருவின் குரலிலேயே ஆரம்பித்தாள். அதே மூக்குறிஞ்சல், அதே "ஆகவே" இழுப்பு. கண்ணை மூடினால் அங்கே இரண்டு கோமதியம்மை.

"ஆகவே, நிலவேம்புக் கசாயம்..."

நின்றுவிட்டாள்.

"தித்திக்கும்" என்று திரையைப் பார்த்து எடுத்துக்கொடுத்தான் பொன்னுத்துரை. எல்லார் திரையிலும் அப்படித்தான் இருந்தது. குரு அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"சொல்லு" என்றார் குரு.

"மாட்டேன்."

"ஒரு சொல் விட்டாலும் இறங்கணும்."

"இறங்குதேன். வழி நெடுக கசக்கும் கசக்கும்னு சொல்லிக்கிட்டேதான் இறங்குவேன்."

அம்மா சொன்னதையே மறுக்கிறாளா என்று பொன்னுத்துரை எகிறினான்.

குரு அடுப்படிக்குப் போனார். ஒரு டம்ளர் கசாயத்தோடு வந்து அவன் கையில் கொடுத்தார்.

"குடி."

ஒரே மடக்கு. கண் சுருங்கியது, காது சிவந்தது, நாக்கு தானாக வெளியே வந்தது.

"எப்படி இருக்கு?"

பொன்னுத்துரை டேப்லெட்டை எடுத்து, பக்கத்தை மேலே தள்ளித் தள்ளித் தேட ஆரம்பித்தான்.

குரு முப்பிடாதி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீ உக்காரு. அவன் தேடி முடிக்கட்டும்."