பால் குடித்தவனுக்கே எருமை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், தம் குதிரையைவிட உயர்ந்த குதிரைகளில் அதிகாரிகள் போவதை அரசர் பார்த்துவிட்டார். உடனே ஆணை பிறந்தது. அதிகாரிகள் எல்லோரும் தம் உடைமைகளை ஓலையில் எழுதித் தரவேண்டும். பொய் எழுதினால் ஆறு மாதம் சிறை.

அரசவை விகடன் கொண்டப்பனும் எழுதினான், எருமையை மட்டும் விட்டுவிட்டு. கறவை இல்லாத அதிகாரிகளுக்கு அரண்மனையிலிருந்து தினமும் ஒரு செம்பு பால் வரும். அதை இழக்க மனம் வரவில்லை. எருமையை மைத்துனன் கொட்டிலில் கட்டிவிட்டு இரண்டு பாலையும் குடித்தான். குடிக்கும்போதெல்லாம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் குடித்தான்.

கொண்டப்பனைக் கண்டாலே கருவூலத் தலைவர் வேங்கடராயருக்கு வயிறு எரியும். அவர் மோப்பம் பிடித்து, எருமையைச் சபைக்கே ஓட்டிவந்துவிட்டார்.

“அது என் மைத்துனனுடையது, பிரபு” என்றான் கொண்டப்பன்.

“யார் கொட்டிலில் நின்றால் என்ன? பாலைக் குடிப்பவன் எவனோ, அவனே உடையவன்” என்றார் ராயர்.

“சரியான நியாயம்” என்றார் அரசர்.

கொண்டப்பன் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: “ஒப்புக்கொள்கிறேன், பிரபு. அதையே சட்டமாக்கிவிடுங்கள். ராயரின் ஓலையில் ஒரு குடிசைகூட இல்லை. அவர் வசிக்கும் மாளிகை மாமியாருடையதாம். அந்த அம்மாளையும் விசாரியுங்கள்.”

மாமியாரை அழைத்துவந்தார்கள். “அம்மா, உங்கள் மாடியில் காற்று நன்றாக வருமா?” என்று கேட்டார் அரசர்.

“மாடியா? நான் ஏறினதே இல்ல சாமி. பின்னால மாட்டுக் கொட்டாய்லதான் படுக்கை. மழை பேஞ்சா மட்டும் மாப்பிள்ளைகிட்ட ஒரு சாக்கு கேப்பேன்.”

ராயர் தன் வைரக் கடுக்கனைக் கையால் மறைத்துக்கொண்டார். சபையில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் மாமியார்கள் இருந்தார்கள்.

ராயரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு அரசர் சிரித்தார். “கெட்டிக்காரன் நீ. உன்னை மன்னித்தேன். என்ன பரிசு வேண்டும், கேள்.”

கொண்டப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் சாக்கைப் போர்த்திக் கிடந்த நாட்களில் தான் இரண்டு செம்புப் பால் குடித்ததை நினைக்க அவமானமாக இருந்தது.

“ராயரைப் பிடித்த சட்டம் என்னையும் பிடிக்கட்டும், பிரபு. எருமையை அந்த அம்மாளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் நானும் உள்ளே இருந்துவிட்டு வருகிறேன். பரிசு என்றால் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். ராயரோடு ஒரே அறையில் போட்டுவிடாதீர்கள்.”

அரசர் விழுந்து விழுந்து சிரித்து, கேட்ட பரிசைத் தாராளமாகவே கொடுத்தார்: ஆறு மாதத்துக்கும் சிறையில் ஒரு தனி அறை.