குப்பணனின் சாக்கெட்

கார் ரிப்பேர் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த தவமணியின் வேலையை முதலாளி ஒருநாள் மெச்சிவிட்டார். அன்றிலிருந்து ஷெட்டின் தலைமை மெக்கானிக் குப்பணனுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவளுக்கு இவ்வளவு நல்ல பேரா! ஆள் இல்லாத நேரம் பார்த்து, முதலாளி காரின் வீல் நட்டு ஒன்றைத் தன் பைப் ரெஞ்சால் திருகித் திருகி, எந்த ஸ்பேனரும் பிடிக்காதபடி முனைகளை மழுக்கி வைத்தான்.

பிறகு முதலாளியையே கூட்டிவந்து நிறுத்தினான். "இந்தாம்மா கெட்டிக்காரி, இதைக் கழட்டு. வெல்டிங் கூடாது, சூடு காட்டக் கூடாது, உளி படக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

தவமணி நட்டைத் தடவினாள். பைப் ரெஞ்சின் பல்தடம் விரலில் தட்டியது. ஷெட்டில் அந்த ரெஞ்ச் வைத்திருப்பவன் குப்பணன் ஒருவன்தான்.

"சரிங்ண்ணா. உங்க சாக்கெட் ஒண்ணு குடுங்க, போதும்."

நட்டின் தலையில் தொப்பிபோல் மாட்டித் திருகும் அந்த சாக்கெட் செட்டைக் குப்பணன் யாரையும் தொடவிட்டதில்லை! முதலாளி முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செட்டை நீட்டினான். தவமணி நட்டைவிடச் சற்றே சின்ன சாக்கெட்டாகப் பார்த்தெடுத்து, நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினாள். ஒவ்வொரு அடியும் குப்பணன் நெஞ்சில் விழுந்தது. நீளக் கம்பியை மாட்டி ஓங்கி ஒரு மிதி. சாக்கெட்டுக்குள் இறுகிப்போய் நட்டு கழன்று வந்தது.

"எவன்டா இதை இப்படி மழுக்குனது?" என்றார் முதலாளி.

தவமணி நட்டு சிக்கிய சாக்கெட்டை அப்படியே குப்பணன் கையில் வைத்தாள். "சாக்கெட்டும் உங்களுது, உள்ள இருக்கற வேலையும் உங்களுது. ரெண்டையும் நீங்களே வெச்சுக்கோங்ண்ணா."