திம் விலகி நின்ற இடம்

ஒரு கணினிக்குள் திம் என்றொரு டிரம் குடியிருந்தது. அந்தக் கணினியில் யாமினி என்ற பெண் ஆட்டம்போட வைக்கும் பாட்டுகளைச் செய்வாள். எந்தப் பாட்டு செய்தாலும் முதலில் திம்மைத்தான் கூப்பிடுவாள். அதில் திம்முக்குத் தலைகால் புரியாத பெருமை. பாட்டு தொடங்கினால் முடியும்வரை திம், திம், திம் என்று ஒரே சீராக அடிக்கும். ஒருநாளும் லீவு கேட்டதில்லை.

அன்று செய்த பாட்டில் ஓர் இடம் பிரமாதமாக அமைந்துவிட்டது. பேஸ் கிட்டார் உறுமியது, கைதட்டல் துள்ளியது, நடுவில் நின்று திம் அடித்தது. யாமினிக்கு ஆசை விடவில்லை. அந்தத் துண்டை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் ஒட்டினாள்.

சாயங்காலம் கல்லூரி விழாவில் பாட்டைப் போடப்போகிற நண்பன் காஜா கேட்டுப் பார்க்க வந்தான். அந்தத் துண்டு முதல் முறை வந்தபோது எழுந்து ஆடினான். இரண்டாம் முறை கட்டிலில் உட்கார்ந்தான். மூன்றாம் முறை போனை எடுத்துவிட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்து என்ன வரும்னு எனக்கே தெரிஞ்சுபோச்சே" என்றான்.

கணினிக்குள் ஒரே அமளி. நான் காப்பாற்றுகிறேன் என்று விசில் ஓடிவந்தது. சைரன் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. யாரும் கூப்பிடாமலே கண்ணாடி உடையும் சத்தமும் வந்து சேர்ந்தது. யாமினி எல்லாவற்றையும் மூன்றாம் துண்டில் ஏற்றினாள். காஜா காதைப் பொத்திக்கொண்டான். அவளும் அவற்றைக் கழற்றிவிட்டாள்.

அதன்பிறகு காஜாவின் பேச்சு திம்மின் பக்கம் திரும்பியது.

"டிரம்மை மாத்திடேன். அதுதான் முதல்லேருந்து ஒரே மாதிரி அடிக்குது."

யாமினி அரைமனதாகத் தலையாட்டினாள். மாற்றுவதற்கு முன் இன்னொருமுறை கேட்டுவிடலாம் என்று பாட்டை ஓடவிட்டாள்.

திம் அழாத குறையாக அடித்துக்கொண்டே போனது. அப்போது மௌனம் அதன் பக்கத்தில் வந்து நின்றது. பாட்டெல்லாம் முடிந்தபிறகு வருவதுதான் அதன் வழக்கம். இன்று முன்னாலேயே வந்து, மூன்றாம் துண்டின் தொடக்கத்தில் உன் இடத்தைக் கொஞ்சநேரம் எனக்குக் கொடு என்று கேட்டது.

"நான் போயிட்டா என்னை மறந்துட மாட்டாங்களா?" என்றது திம்.

"அது எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்காம உனக்கும் தெரியாது."

திம்முக்குப் போக மனமே இல்லை. இருந்தாலும் விலகி நின்றது.

மூன்றாம் துண்டு வந்தது. பேஸும் கைதட்டலும் மட்டும் நடந்தன. காஜா போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். அவன் குதிகால் தன்னால் தரையில் அடிக்கத் தொடங்கியது. யாமினியின் காலும் சேர்ந்துகொண்டது. திம், திம், திம்.

ஓரத்தில் நின்ற திம் காதைத் தீட்டிக்கொண்டது. அடிப்பதிலேயே காலம் போனதால், இந்தப் பாட்டை அது இதுவரை கேட்டதே இல்லை. இத்தனை அழகா என்று மெய்ம்மறந்து நின்றது. பேஸையும் கைதட்டலையும் தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் அப்போதுதான் அதற்குத் தெரிந்தது.

"போதும், போ. உன்னைத் தேடுறாங்க" என்றது மௌனம்.

திம் உள்ளே குதித்தது. காஜா கட்டிலை விட்டு எழுந்து ஆடத் தொடங்கினான். மூச்சு வாங்க யாமினியைப் பார்த்துக் கேட்டான்:

"இந்தப் புது டிரம்மை எங்கே பிடிச்சே?"