கொம்பில் கட்டிய கூடு

காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு மலைக்காட்டில் அலமேலு என்று ஒரு மலை அணில் இருந்தாள். நம் வீட்டுக் கூரையில் ஓடுகிறதே, அந்தச் சின்ன அணில் இல்லை, குழந்தைகளே. பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால், நல்ல செம்பட்டை நிறம். மரத்தை விட்டுத் தரையில் கால் வைப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவள்.

அலமேலுவுக்கு எதிலும் அவசரம். ஆனால் வயிற்றுக்கும் கண்ணுக்கும் மட்டும் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. விடிந்ததும் அத்திப்பழம், வெயில் ஏறியதும் ஆலம்பழமும் கொட்டைகளும், உச்சி வேளையில் கிளைமேல் குப்புறப் படுத்து ஒரு குட்டித் தூக்கம். பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போய்ச் சுருண்டுவிடுவாள்.

ஒருநாள் அடித்த பேய்க்காற்றில் அந்தக் கூடு பிய்ந்து பள்ளத்தில் விழுந்தது. அப்போது புரட்டாசி முடியப்போகிற நேரம். கிழக்கே மேகம் கருக்கத் தொடங்கியிருந்தது. அலமேலுவின் வயிற்றிலோ குட்டிகள். மழைக்கு முன்னால் புதுக் கூடு கட்டாவிட்டால் பிறக்கிற குட்டிகள் நனைந்து விறைத்துப்போகும். மலைமழை சும்மா தூறிவிட்டுப் போகிற மழையா என்ன? பிடித்தால் விடாது.

"ஐயோ, இந்தப் பகல் பத்தலையே!" என்று அவள் அந்திப்பொழுதில் ஒரு கிளையில் உட்கார்ந்து புலம்பினாள்.

அந்த நேரத்தில்தான் மரநாய் மாசிலாமணி சோம்பல் முறித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். மரநாய் என்றால் குரைக்கிற நாய் இல்லை. பூனை மாதிரி இருக்கும், மரம் ஏறும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும். இந்த மாசிலாமணி பெரிய தந்திரசாலி.

"என்ன தங்கச்சி, விளக்கு வைக்கிற நேரத்துல அழுதுகிட்டு இருக்கே?"

"கூடு கட்டணும் அண்ணே. மழை வந்துகிட்டே இருக்கு. இருட்டினா எனக்குக் கண்ணு தானா மூடிக்குது. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே ராத்திரி பூரா கண்ணு இப்படிப் பளபளன்னு இருக்கு?"

மாசிலாமணி பதில் சொல்வதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். பக்கத்துப் பொந்தில் அலமேலு சேர்த்துவைத்த அத்திப்பழம் குவியலாகக் கிடந்தது. அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"ரகசியம்மா. உன்கிட்ட சொல்றதுக்கென்ன. காப்பித் தோட்டத்துல சிவப்பா ஒரு பழம் பழுத்திருக்கே, பார்த்திருக்கியா? அதை ஒரு வாய் தின்னா தூக்கம் கிட்ட வராது. ஊரே தூங்கும், நீ மட்டும் வேலை பார்க்கலாம்."

"எனக்கும் கொஞ்சம் கொண்டாந்து தர்றீங்களா?"

"தங்கச்சிக்கு இல்லாததா? ஆனா ஒண்ணு. நீ திங்கிற அத்தி, ஆலு எல்லாத்தையும் நிறுத்திடணும். அதெல்லாம் வயித்துல கிடந்தா மந்தம். தூக்கம் தூக்கமா வரும். வீணாப் போகவேண்டாம், என்கிட்ட குடுத்துடு. எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்."

அலமேலுவுக்கு அவன்மேல் பரிதாபமே வந்துவிட்டது. தனக்காக எவ்வளவு மந்தத்தைத் தாங்கப்போகிறான், பாவம்!

அன்று இரவு சிவப்புப் பழத்தைத் தின்றாள். நெஞ்சு தடதடவென்று அடித்தது. கண் முட்டை அளவு விரிந்தது. குச்சி ஒடிப்பதும் இலை கிள்ளுவதுமாக விடிய விடிய ஓடினாள். காலையில் பார்த்தால் மலை போலக் குவிந்து கிடக்கிறது குச்சி. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வெயில் ஏறியபோது கை நடுங்கத் தொடங்கியது. ஒரு குச்சியை வைத்தாள். வைத்ததை மறந்து உருவினாள். "யாரு இங்க குச்சியை வெச்சது?" என்று தன்னையே அதட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, எதிர்மரத்தில் தொங்கிய தேனடையைத் தன் கூடு என்று நினைத்து உள்ளே தலையை விட்டாள். தேனீக்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டன.

வீங்கிய மூக்கோடு அவள் அந்தியில் மாசிலாமணியிடம் போனாள்.

"அண்ணே, கண்ணு சொருகுது. காலு பின்னுது."

"பழம் பத்தலைம்மா. இன்னும் நாலு கூடத் தின்னு. ஆமா, அந்தப் பொந்துல கொட்டை கொஞ்சம் இருந்துச்சே? அதைப் பார்த்தாலே உனக்குத் தூக்கம் வரும். அதையும் எடுத்துட்டுப் போறேன்."

இப்படியே சில நாள் போனது. பொந்து காலியானது. மாசிலாமணியின் தொப்பை பெருத்தது. அலமேலுவின் கூடு மட்டும் எழும்பவே இல்லை. ஒரு பக்கம் கட்டினால் இன்னொரு பக்கம் சரிந்தது. உயரக் கிளைக்குத் தாவக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கடைசியில் ஓர் இரவு, எட்டியவரைக்கும் போதும் என்று தாழ்ந்த கிளை ஒன்றில் இறங்கினாள். அதற்குச் சற்றுக் கீழே, மங்கலான நிலா வெளிச்சத்தில், அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத அருமையான கவட்டை ஒன்று தெரிந்தது. தொட்டுப் பார்த்தாள். நல்ல உறுதி. இரண்டு பக்கமும் கிளை கிளையாகப் பிரிந்து, கூடு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது.

"இலையே இல்லையே?" என்று ஒரு சந்தேகம் வந்தது. "உதிர்ந்திருக்கும்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மரம் கொஞ்சம் சூடாக இருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரம் ஒருமுறை தும்மியது. "காத்து பலமா அடிக்குது" என்றாள்.

விடிவதற்குள் கூடு முடிந்துவிட்டது. அப்படி ஒரு கூட்டை அந்தக் காடு கண்டதில்லை. அலமேலு உள்ளே விழுந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

அவள் கட்டியது மரத்தில் இல்லை, குழந்தைகளே. கடமான் பெரியதம்பியின் கொம்பில்! பெரியதம்பி சாதுவானவர். மேய்ந்து முடித்து நின்றபடியே கண்ணை மூடினார் என்றால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார். தலைக்கு மேல் ஒரு வீடு எழும்பியது அவருக்கு எப்படித் தெரியும்?

காலையில் கூடு ஆடியது. அலமேலு எட்டிப் பார்த்தாள். பக்கத்து மரங்களெல்லாம் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"ஏ மரமே! எங்கே போறே?" என்று அலறினாள்.

"தண்ணி குடிக்கப் போறேன்மா" என்றது மரம். "ஆமா, யாரும்மா நீ? எங்கிருந்து பேசுறே?"

"ஐயோ, மரம் பேசுதே!"

"மரம் இல்லம்மா, நான் பெரியதம்பி. எழுந்ததுலேருந்து தலை பாரமா இருக்கேன்னு பார்த்தேன். சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

அதற்குள் ஓடை வந்துவிட்டது. பெரியதம்பி குனிந்தார். தண்ணீரில் அவருடைய நீண்ட முகமும், அதற்கு மேல் ஒரு கூடும், கூட்டுக்கு மேல் கண் சிவந்து மூக்கு வீங்கிய ஓர் அணில் முகமும் தெரிந்தன. மூன்றையும் பார்த்து அவர் கொஞ்ச நேரம் தண்ணீர் குடிக்க மறந்துபோனார்.

"பெரியப்பா" என்று அலமேலு கெஞ்சினாள். "மழைக்காலம் முடியற வரைக்கும் அசையாம ஒரே இடத்துல நின்னுடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நின்னுடுவேன்மா. ஆனா ஐப்பசி பிறந்தா அடுத்த மலைக்காரன் சண்டைக்கு வந்துடுவானே. கொம்போட கொம்பு மோதணும். நான் தலையில தொட்டிலைக் கட்டிக்கிட்டுப் போய் நின்னா அவன் மோதவா செய்வான்? விழுந்து விழுந்து சிரிப்பான்."

அவர் ஒரு மரத்தோரம் தலையைச் சாய்த்து, அவள் இறங்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு கொம்பை அடிமரத்தில் இரண்டு தேய் தேய்த்தார். கூடு பொலபொலவென்று உதிர்ந்தது. அலமேலு வாய்விட்டு அழுதாள். வயிற்றில் குட்டிகள் அசைந்தன. தூரத்தில் இடி உறுமியது.

"எல்லாம் அந்தப் பழத்தால வந்த வினை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மாசிலாமணியின் பொந்துக்குப் போனாள். பட்டப்பகலில் அவள் அவனைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை.

பொந்துக்குள்ளிருந்து கர்ர், கர்ர் என்று குறட்டை கேட்டது. அலமேலு அவன் வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

"யார்ரா அது, நடுப்பகல்ல?" என்று மாசிலாமணி கண்ணைத் திறக்காமலே சீறினான். "அறிவிருக்கா? பகல் பூரா அசந்து தூங்கினாத்தானே நான் ராத்திரி பூரா சுத்த முடியும்? வயிறு நிறைய அத்திப்பழம் தின்னுட்டு இப்பத்தான் படுத்தேன்..."

சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தான். எதிரே அலமேலு நின்றாள்.

"அப்போ அந்தச் சிவப்புப் பழம்?" என்று கேட்டாள்.

"அது... அதுவும் தின்பேன் தங்கச்சி. ருசிக்கு."

அலமேலுவுக்கு வந்த கோபத்தில் அவனைக் கடித்தே இருப்பாள். கடிக்கவும் பல்லில் தெம்பில்லை. அதனால் பொந்தில் மிச்சம் கிடந்த அத்திப்பழங்களை அள்ளி, அவன் வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றாள். மாசிலாமணி எச்சிலை விழுங்கிக்கொண்டு பார்த்தான்.

"தங்கச்சி, அதெல்லாம் மந்தம்..."

"எனக்கு மந்தம்தான் வேணும் அண்ணே."

தின்று முடித்து, அடர்ந்த கிளை ஒன்றில் ஏறிக் குப்புறப் படுத்தாள். வானம் இருண்டு வந்தது.

"மழை வரப்போகுது! இப்போ போய்த் தூங்குறியே!" என்று கத்தினான் மாசிலாமணி.

"மழை வரப்போகுது. அதனாலதான் தூங்குறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பகலும் இரவும் அவள் அசையவில்லை. மேகம் இரண்டு தூறல் போட்டு மிரட்டிப் பார்த்தது. விடிந்ததும் எழுந்தாள். கை நடுங்கவில்லை. வயிறார அத்திப்பழம் தின்றுவிட்டு, மரத்தின் உச்சியில், நிஜக் கிளையா என்று ஒருமுறை கடித்துப் பார்த்த பிறகு, முதல் குச்சியை வைத்தாள். வைத்த குச்சி வைத்த இடத்தில் நின்றது. உச்சி வேளையில் தூங்கினாள், எழுந்து கட்டினாள், இருட்டியதும் நிறுத்தினாள். அத்தனை இரவுகள் ஓடியும் நிலைக்காத கூடு, அவசரமே இல்லாமல் முடிந்தது. மேல் இலையை அவள் செருகிய அன்று அந்தியில் மழை கொட்டியது.

அந்த மழையிலேயே குட்டிகள் பிறந்தன. ஒரு துளி உள்ளே இறங்கவில்லை.

அன்றிரவு மாசிலாமணி சொட்டச் சொட்ட நனைந்தபடி கூட்டுக்குக் கீழே வந்து நின்றான். அவனுக்கு மழையில் பழம் தேடிப் போகச் சோம்பல்.

"தங்கச்சி! அருமையான சிவப்புப் பழம் கொண்டாந்திருக்கேன். கொஞ்சம் அத்திப்பழம் இருந்தா..."

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டான். அப்போதும் பதில் இல்லை. குட்டிகளை வாலால் போர்த்திக்கொண்டு அலமேலு நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள்.

நீதி: வேளைக்கு உணவும் போதிய உறக்கமும் கொடுக்காமல் உடம்பிடம் வேலையை மட்டும் கேட்காதே.