காவியைக் கண்டால் குரைக்காத நாய்கள்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதன் குரு உலகம்மைக்கு வயது நாற்பத்தொன்று. மூத்த சீடர் சிதம்பரதாணுவுக்கு அறுபத்தாறு. முப்பத்துநான்கு வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டராக ஊர் ஊராகக் கிருமியை விரட்டியவர். தீர்த்தம் கொடுத்தால்கூட "கொதிக்க வச்சதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

அப்பேர்ப்பட்டவருடைய உள்ளங்காலில் ஒரு கறுப்புக் கட்டி வந்தது. புற்றுநோய். வெட்டி எடுத்தும் திரும்ப வந்து, தொடையிடுக்கு வரை பரவிவிட்டது. கடைசியாக டாக்டர் ஒரு வழி சொன்னார். அதற்குச் சம்மதக் கையெழுத்தை வெள்ளிக்கிழமைக்குள் போட்டாக வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் தாணு அந்தக் காகிதத்தைக் குருவின் முன்னால் வீசாத குறையாக வைத்தார்.

"கட்டிக்குள்ள வைரஸை ஊசியில ஏத்துவாகளாம், அம்மா. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்கு!"

"வேற என்ன சொன்னாரு டாக்டர்?"

"வீரியத்தைக் குறைச்ச வைரஸாம். கட்டியிலதான் பெருகுமாம். அதைக் கண்டு உடம்போட எதிர்ப்புச் சக்தி முழிச்சுக்கிடுமாம். காய்ச்சல் வருமாம். எல்லாருக்கும் பலிக்காதாம். நான் கேக்கேன், எதிர்ப்புச் சக்தி இம்புட்டு நாளா எங்க போச்சு? நோயை விட்டு நோயைத் தீக்க முடியுமா?"

உலகம்மை காகிதத்தை மடித்து வைத்தார்.

"அரிசி அறையில இருக்க சாமி எப்பப் போவாரு?"

தாணுவின் முகம் சுண்டிவிட்டது. அது அவருக்குப் பிடிக்காத பேச்சு.

காவி கட்டி வந்தவரிடம் பேரும் ஊரும் கேட்கக்கூடாது என்பது மடத்து வழக்கம். ஆடி மாதம் ஒரு ராத்திரி தங்க வந்தவர் அந்தச் சாமி. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பார்கள். இவர் கேட்கவே இல்லை. அரிசி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நாளுக்கு நாள் பெருத்தார். அவருடைய மச்சானும் காவி கட்டிக்கொண்டு மாட்டுத்தொழுவத்துக்கு வந்துவிட்டார். மடத்தில் இரண்டு நாய்கள் உண்டு. காவியைக் கண்டால் குரைக்காதே என்று பிஸ்கட் போட்டுப் பழக்கியது நம் தாணுவேதான். நாய்கள் சாமியைப் பார்த்து வாலாட்டின.

"நாயே குரைக்கல. நாம எப்படிப் போகச் சொல்ல?" என்றார் தாணு.

உலகம்மை எழுந்து போய், அரிசி அறை ஜன்னலின் வெளிப்பக்கக் கொண்டியை நீக்கித் திறந்தார். முற்றத்தில் இருந்த கிழட்டுக் குரங்கு மூக்கை உயர்த்தியது.

"அம்மா, குரங்கு! கடிச்சா வெறிநோய்!"

"அதுக்குத்தான் பல்லே இல்லையே."

"பூசையறைக்குள்ள போயிட்டா?"

"அங்க எதுக்குப் போகுது? மடத்துப் பழமெல்லாம் இங்கதான இருக்கு."

குரங்கு உள்ளே குதித்தது. ஒரு கீச்சு. அதைவிடப் பெரிதாக "ஐயோ" என்று ஒரு சத்தம். காவிக்குக் குரைக்காத நாய்கள்தான், ஆனால் குரங்கு என்றால் விடுமா? கதவை முட்டின. சாமி தாழ்ப்பாளைத் திறந்ததுதான் தாமதம், உள்ளே பாய்ந்தன. காவி குரங்கின் கையில் இருந்தது. சாமி கட்டம் போட்ட லுங்கியில் நின்றார். அவருக்குப் பின்னால் மூன்று வாழைத்தாரும் ஒரு நெய்ப்பானையும் இருந்தன.

நாய்கள் குரங்கை விட்டுவிட்டுச் சாமியை முகர்ந்தன. பிறகு குரைத்தன. இத்தனை மாதத்துக்கும் சேர்த்துவைத்துக் குரைத்தன.

சாமி பஸ் நிறுத்தம் வரை ஓடினார். நாய்கள் அதோடு விடவில்லை. அதே வாடையைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய், காவி கலையாமல் படுத்திருந்த மச்சானையும் மதில் ஏற வைத்தன. அப்புறம் குரங்கை மரத்தில் ஏற்றின. அந்த வேகத்தில் தாணுவிடமும் வந்தன. அவரும் காவிதானே! ஒன்று உறுமியது. மற்றது அவர் வேட்டி நுனியைக் கவ்விக் கொஞ்சம் கிழித்துவிட்டு, யோசித்து, விட்டது.

தாணுவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"எப்படியோ குரங்கு சாமியை விரட்டிட்டுல்லா, அம்மா."

"குரங்கு பழம் திங்கப் போச்சு. விரட்டுனது நம்ம நாய்."

தாணு கிழிந்த வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். காலை நீட்டிக் கட்டியைப் பார்த்தார்.

"எனக்குச் சாகப் பயமா இருக்கு, அம்மா."

"நீங்க போயிருவீயளோன்னு எனக்கும் பயந்தான்."

"பலிக்காமப் போனா? இன்னிக்கு நாய் முழிக்காமலே கெடந்திருந்தா என்ன செஞ்சிருப்பீய?"

காவி கட்டிய பிறகும் தாணு சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்வதை விடவில்லை. உலகம்மை அதை எடுத்து, மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினார்.

"கெடந்திருக்கலாம். ஜன்னலைத் திறக்காம அது நமக்குத் தெரிஞ்சிருக்குமா, இன்ஸ்பெக்டரே?"