நாலு மணிக்குக் காணாமல் போனவர்கள்

சொன்ன பேச்சைக் கேட்காமல் கெட்டுப்போனவர்கள் உலகத்தில் ஏராளம். உடன்குடிப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா போய்க் குடியேறிய பொன்னுலிங்கம் வீட்டார் அந்த ரகமில்லை. யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளைச் செம்மண் பாலைவனத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பொன்னுலிங்கத்துக்கு ஆசை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் உள்ள, சக்கரம் வைத்த சின்ன வீடு அது. அவன், மனைவி சந்தனமாரி, ஆறு வயது ஆதிரை, மூன்று வயது கபிலன் என்று நாலு பேர் போவதாக ஏற்பாடு. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த தம்பி தங்கப்பழம் வீட்டுக்குக் காவல்.

வண்டியைக் கொடுத்த ராசமாணிக்கம் அந்தப் பாலைவனத்தில் பல காலம் அலைந்தவர். பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்கே கவலை வந்துவிட்டது.

"மணல் வந்தா டயர்ல காத்தை இறக்குங்க. தார் ரோடு வந்தா ஏத்துங்க. கங்காரு நின்னா வண்டியை நிறுத்திடுங்க, அது போனப்புறம் போங்க. வழி தப்பிட்டா வண்டியை விட்டு நகராதீங்க, தேடி வர்றவனுக்கு வண்டிதான் கண்ணுல படும். முக்கியமா, எங்க போறீங்க, எத்தனை மணிக்குச் சேருவீங்கன்னு ஒரு ஆள்கிட்ட சொல்லிட்டுப் போங்க. நீங்க சேரலைன்னா அவர் தேடணும்."

பொன்னுலிங்கம் வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டான்.

"லே தங்கம், நாங்க மூணு மரம்கிற கேம்ப்புக்குப் போறோம். சாயங்காலம் நாலு மணிக்குச் சேந்துருவோம். சேரலைன்னா நீதாம்ல தேடணும்."

தங்கப்பழத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வயது முப்பது. இதுவரை தண்ணீர் மோட்டாரை அணைக்கும் வேலையைக்கூட யாரும் அவனை நம்பிக் கொடுத்ததில்லை. இப்போது அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளையே ஒப்படைக்கிறான். உயிரைக் கொடுத்தாவது தேடிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தான்.

"கட்டாயம் தேடுதேம்ணே. ஆனா நீங்க சேந்தியளா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கூடவே வந்துருங்க கொழுந்தனாரே," என்றாள் சந்தனமாரி. "பக்கத்துலயே இருந்தா தப்பு நடக்காதுல்லா."

இப்படி ஒரு மூளை நம் வீட்டில் இருக்கிறதே என்று அண்ணனும் தம்பியும் பூரித்துப்போனார்கள். தங்கப்பழம் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே ஏறினான்.

பாலைவனத்துத் தார் ரோட்டில் காற்று அங்கங்கே மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கும். முதல் மணல் வந்தது. இறங்கி, காருக்கு நாலு, கேரவனுக்கு நாலு என்று எட்டுச் சக்கரத்திலும் காற்றை இறக்கினார்கள். மணல் இருபதடி. அதற்கப்பால் தார். இறங்கி, எட்டுச் சக்கரத்திலும் காற்றை ஏற்றினார்கள். கண்ணுக்கெதிரே அடுத்த மணல். மத்தியானத்துக்குள் பதினொரு தடவை ஆயிற்று. கபிலனுக்கு "புஸ்ஸ்" என்பது ஒன்றுதான் பேச்சு என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் கங்காரு நின்றது. மஞ்சள் போர்டில் கறுப்பு மையால் வரைந்த கங்காரு. பொன்னுலிங்கம் பிரேக் போட்டான். கால் மணி நேரம் காத்திருந்தார்கள்.

"போவ மாட்டேங்குதே?"

"காலைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கி. இப்பப் போயிரும்," என்றாள் சந்தனமாரி.

"ஹாரன் அடிப்பமா?"

"சே, வாயில்லா சீவன்."

இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தங்கப்பழம் இறங்கிப் போய், தன் துண்டை எடுத்துப் போர்டை மூடிக் கட்டிவிட்டு வந்தான். இப்போது கங்காரு இல்லை. வண்டி புறப்பட்டது.

மூணு மரம் கேம்ப்பின் தண்ணீர்த்தொட்டி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கேம்ப்பில் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். தங்கப்பழம் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் முகம் செத்துவிட்டது.

"அண்ணே, வண்டியை நிறுத்துங்க. மணி நாலு. நீங்க போய்ச் சேரலை."

பொன்னுலிங்கம் பதறி வண்டியை ஓரங்கட்டினான். "ஐயையோ! அப்ப நாங்க காணாமப் போயிட்டமா?"

"ஆமாண்ணே," என்று தங்கப்பழம் கடிகாரத்தை நீட்டிக் காட்டினான்.

"அந்தா தெரியுதே தொட்டி, ஒரு மிதி மிதிச்சா போயிரலாம்," என்று சந்தனமாரி இழுத்தாள்.

"வண்டியை விட்டு நகரக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்லா மதினி? நீங்க நகந்துட்டா நான் எங்கன்னு தேட?"

அது நியாயமாகப் பட்டது. பொன்னுலிங்கம் எஞ்சினை அணைத்தான். "சரி, நீ மட்டும் இறங்கி நடக்கலாமால?"

"அது காணாமப் போனவங்களுக்குச் சொன்னது. நான் தேடுறவன்."

பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் இறங்கினான். இந்தப் பிஞ்சுகளைத் தொலைத்துவிட்டு ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்று நினைத்தபோது கால் தானாக ஓடியது. பின்னாலிருந்து ஆதிரை, "சித்தப்பா, வெரசா எங்களைக் கண்டுபிடிச்சிருங்க!" என்று கத்தினாள்.

கேம்ப்பை நடத்துபவள் ஷெரில் என்ற வெள்ளைக்காரி. தங்கப்பழம் தெரிந்த இங்கிலீஷை வாயாலும் மீதியைக் கையாலும் சொன்னான். அண்ணன், மதினி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வெள்ளைக் கேரவன், நாலு மணிக்கு வரவேண்டியவர்கள், காணோம். சொல்லி முடிக்குமுன் விம்மி அழுதுவிட்டான். பிள்ளைகள் என்றதும் அவளுக்கும் மனசு பொறுக்கவில்லை. கயிறு, தண்ணீர், மருந்துப்பெட்டி எல்லாவற்றையும் ஜீப்பில் போட்டு அவனையும் ஏற்றிக்கொண்டு பறந்தாள்.

ஒரு நிமிஷத்தில் வெள்ளைக் கேரவன் வந்தது.

"அதோ நிக்குதே, அதுவா?"

"அது இல்லம்மா. அது நான் வந்த வண்டி. காணாமப் போன வண்டியில நான் எப்படி வந்திருக்க முடியும்?"

ஷெரில் வேகத்தைக் குறைக்கவில்லை. ஜன்னல் வழியாக நாலு பேரும் கையாட்டினார்கள். தங்கப்பழமும் கையாட்டினான். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க, தொலைந்துபோன பிள்ளைகளின் ஞாபகம் வந்து அவனுக்கு அழுகை கூடியது.

ஐம்பது கிலோமீட்டர் தேடினார்கள். புதர் புதராக இறங்கி, "அண்ணே! மதினி!" என்று கூப்பிட்டுத் தங்கப்பழத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஓரிடத்தில், ரோட்டோரப் போர்டில் கட்டியிருந்த ஒரு துண்டு கிடைத்தது. அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவன் கதறியதைப் பார்த்து ஷெரிலும் கண் கலங்கினாள். பொழுது சாயப்போகும்போது வேறு வழியில்லாமல் திரும்பினார்கள்.

அந்தக் கேரவன் நின்ற இடத்திலேயே நின்றது. இவர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம் என்று ஷெரில் ஜீப்பை நிறுத்தினாள்.

"இந்தப் பக்கம் ஒரு குடும்பம் காணாமப் போச்சு. யாராவது பாத்தீங்களா?"

"நாங்கதான் அது," என்றான் பொன்னுலிங்கம் பணிவாக. "நாலு மணியிலருந்து இங்கனயேதான் காணாமப் போயிருக்கோம்."

"பிஸ்கட் தீந்துபோச்சு," என்றாள் ஆதிரை. கபிலன் அழுது அழுது தூங்கிப்போயிருந்தான்.

"அண்ணே!" என்று அலறிக்கொண்டு தங்கப்பழம் பாய்ந்து கட்டிப்பிடித்தான். "உயிரோட இருக்கியளா! மதினி! எம் புள்ளைகளா!" சந்தனமாரியும் வாய்விட்டு அழுதாள். தேடிக் கண்டுபிடித்த கொழுந்தனைக் கடவுள் மாதிரி பார்த்தாள்.

ஷெரில் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, பச்சைப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"இனிமே எங்க போனாலும், வண்டிக்கு வெளிய இருக்கிற ஆள்கிட்ட சொல்லிட்டுப் போங்க. உள்ள இருக்கிற ஆள்கிட்ட சொல்லக்கூடாது. புரியுதா?"

நன்றாகப் புரிந்தது. இத்தனை நேரம் எங்கே தப்பு நடந்தது என்று இப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

பொன்னுலிங்கம் எஞ்சினைக் கிளப்பினான். தங்கப்பழம் காருக்கு வெளியே விறைப்பாக நின்று கதவைச் சாத்தினான். பொன்னுலிங்கம் கண்ணாடியை இறக்கினான்.

"லே தங்கம், நாங்க அந்தா தெரியுற கேம்ப்புக்குப் போறோம். அஞ்சு நிமிஷத்துல சேந்துருவோம்."

"சரிண்ணே, பாத்துப் போயிட்டு வாங்க."

கண்ணாடி ஏறியது. தங்கப்பழம் பின்கதவைத் திறந்து, பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே. இன்னொருக்கத் தேட எனக்குத் தெம்பு இல்ல."