ஓட்டைக்குக் கூலி

கதை கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காட்டை வெட்டி ஊராக்கிய காலத்தில் பொன்னிறைவன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். கை மட்டும் படு இறுக்கம்.

அவன் ஊரில் மூன்று ஏரி, மூன்றுக்கும் மூன்று காவல். மேல ஏரிக்கு உடையப்பன், நடு ஏரிக்குச் சிலம்பன், கீழ ஏரிக்கு மாசாத்தி. ஏரிக்கரையில் நண்டும் எலியும் வளை தோண்டும். சின்னதாக இருக்கும்போதே களிமண் வைத்து இடித்துவிட வேண்டும். விட்டால் மழையில் கரை உடைந்து, கீழே இருக்கிற ஊர் போய்விடும். இந்தக் காவலுக்கு மாதாமாதம் அரண்மனை நெல் கொடுத்தது.

ஒரு வருஷம் ராஜா யோசித்தான். "கரையில் சும்மா நடப்பதற்கா இவ்வளவு நெல்?" என்று கூலியைப் பாதியாக்கினான். உடையப்பன் ஆடு மேய்க்கப் போனான். சிலம்பன் விறகு வெட்டப் போனான். மாசாத்தி பகலில் நாற்று நட்டாள், விடியலிலும் சாயங்காலத்திலும் கரையில் நடந்தாள். அந்த மழைக்கு இரண்டு ஏரி ஒழுகியது.

மறு வருஷம் ராஜா மறுபடி யோசித்தான். யோசிக்காமல் இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். "மாதக் கூலி கிடையாது. ஓர் ஓட்டை அடைத்தால் ஒரு படி நெல்" என்று தண்டோரா போட்டுவிட்டான்.

அடேயப்பா, அப்புறம் பார்க்க வேண்டுமே! ஆட்டையும் விறகையும் விட்டுவிட்டு உடையப்பனும் சிலம்பனும் கரைக்கு ஓடிவந்தார்கள். மேல ஏரியில் தினம் ஓட்டை, நடு ஏரியில் தினம் ஓட்டை, தினம் அடைப்பு. எவ்வளவு உழைக்கிறார்கள் என்று ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. கீழ ஏரியில் மட்டும் ஓட்டையே இல்லை. மாசாத்தி விட்டால்தானே வரும்? அதனால் அவளுக்கு நெல்லும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தன.

ஒரு நாள் அவளும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கரை ஏறினாள். ஒரு குத்து குத்தினால் ஒரு படி நெல். கீழே ஊர் தெரிந்தது. "சீ" என்று கடப்பாரையை வீசிவிட்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள். அங்கே மற்ற இருவரும் நெல் வாங்க நின்றிருந்தார்கள்.

"மகாராசா, என் கூலியைக் கொடுங்க."

"ஓர் ஓட்டைகூட அடைக்கவில்லையே. எதற்குக் கூலி?"

"மழை இறங்கப்போவுது. உங்க புள்ளைய எந்த ஏரிக்குக் கீழ தூங்க வைப்பீங்க? அத மட்டும் சொல்லுங்க."

தினம் ஒட்டுப்போட்ட மற்ற இரண்டு கரைகளையும் ராஜா நினைத்துப் பார்த்தான். "உன் ஏரிக்குக் கீழேதான்" என்றான்.

"அப்போ எந்தக் கரைக்குக் கூலி கொடுக்கணும்?"

உடையப்பன் தலை குனிந்தான். "நாங்களே தோண்டி நாங்களே அடைச்சோம், சாமி. அரைக் கூலியில வயிறு காஞ்சுது. ஆனாலும் செஞ்சது தப்புதான்."

ராஜாவுக்கு வந்த கோபம் தன் மேலேயே திரும்பியது. அன்றே மூவருக்கும் முழுக் கூலி தந்தான். மாசாத்திக்கு விட்டுப்போனதையும் சேர்த்துத் தந்தான். இனி மாதம் ஒரு தரம் தானே கரையில் நடந்து பார்ப்பேன், வளையை வளரவிட்டவருக்கு வேலை இல்லை என்றும் சொன்னான். பிறகு எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். தோண்டிய இடத்தையெல்லாம் வெட்டியெடுத்து, புது மண் போட்டு இடித்தார்கள். ராஜாவும் மண் சுமந்தான்.

மழை கொட்டித் தீர்த்தது. மூன்று கரையும் நின்றன.

ஆகவே மக்களே, ஊரைக் காப்பவருக்கு வயிறாரக் கூலி கொடுத்து அவர் காத்ததை நேரில் போய்ப் பாருங்கள். கெட்டுப்போனதை எண்ணிக் கூலி கொடுத்தால் கெடுதல்தான் பெருகும்.